அலபாமாப் பாலகரின் பந்துபக்தி: ஓர் ஆராய்ச்சி முன்னுரை

ஆராய்வதற்கு இனி உலகில் பொருளே இல்லை என்று பெருமூச்சு விடுவோர், பண்டை மன்னனொருவன் பல் துலக்கிய குச்சி வேம்பா ஆலா என்னும் வினாவுக்கு 120 பக்கங்களைச் செலவிட்டு, விடையை மட்டும் இரண்டாம் பாகத்துக்கு ஒத்திவைக்கும் பெருமக்களின் நூல்களை அளவுக்கு மிஞ்சிப் படித்தவராக இருத்தல் வேண்டும். மெய்யாகவே ஆராயப்படாது கிடக்கும் விஷயங்கள் அனந்தம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் உள்ள அலபாமா மாநிலத்தில், ஒரு குழந்தை பல் முளைக்கும் முன்னரே ஒரு கல்லூரிப் பந்தாட்டக் குழுவுக்கு அடிமை பூண்டு, பல் விழுந்த பின்னரும் அவ்வடிமைத் திறத்தினின்று வழுவாது நிற்கும் அதிசயம் அவற்றுள் ஒன்று. அதனை முறைப்படி ஆராயத் துணிந்தோம். அடிக்குறிப்புக்கள் மூலத்தினும் நீண்டு போனமையால் அச்சகத்தார் அவற்றை ஏற்க மறுத்துவிட்டனர். ஆகவே ஆதாரங்களைக் கட்டுரையின் உடம்பிலேயே ஆங்காங்குச் செருகியிருக்கிறோம். பொறுத்தருள்க.

முதற்கண் பொருள் வரையறை. இவ்வாட்டத்துக்குக் கால்பந்து என்று பெயரிருப்பினும், பந்தைக் காலால் தீண்டுவது அருமை; கையால் எறிவதும், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், ஓடுபவன்மேல் ஒன்பது பேர் ஒருங்கே விழுவதுமே பெரும்பான்மை. பந்தும் உருண்டையன்று, இரு முனையும் கூர்த்தது. நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். 100 கஜ மைதானத்தின் எல்லைக் கோட்டைப் பந்தோடு கடந்தால் டச்டவுன் என்று ஆறு புள்ளி. கம்பங்களுக்கு இடையே உதைத்தனுப்பினால் ஃபீல்ட் கோல் என்று மூன்று புள்ளி. விதிப்படி ஆட்டம் 60 நிமிடம். கடிகாரப்படி மூன்று மணி நேரத்துக்கு மேல். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் விளம்பரங்களும், நடுவர்களின் மந்திராலோசனையும், ரசிகனின் பிரார்த்தனைகளும் நிகழ்கின்றன. நமது ஆராய்ச்சி பெரும்பாலும் இந்த இடைப்பட்ட காலத்தைப் பற்றியதே.

அலபாமாவில் சமயங்கள் இரண்டு. டஸ்கலூசா நகரத்து அலபாமாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர் செந்நிறம் தரிப்பர். தம் குழுவைச் செந்நிற அலை என்பர். யானையை இலச்சினையாகக் கொள்வர். வணக்கம், வாழ்த்து, அனுதாபம், தெருவில் வழிவிடச் சொல்லுதல் ஆகிய எல்லாவற்றுக்கும் 'ரோல் டைட்' என்னும் ஒரே மந்திரத்தைப் பிரயோகிப்பர். ஆபர்ன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர் கருநீலமும் ஆரஞ்சும் தரிப்பர்; தம்மைப் புலிகள் என்று சொல்லிக்கொள்வர்; ஆனால் கழுகின் பெயரால் 'வார் ஈகிள்' என்று முழங்குவர். புலிக்கும் கழுகுக்கும் உள்ள சம்பந்தம் யாது என்று வினவிய எதிர்சமயத்தார்க்கு, செந்நிற அலைக்கும் யானைக்கும் உள்ள சம்பந்தம் யாது என்பதே இதுவரை கிடைத்துள்ள விடை. தேசியத் தொழில்முறைச் சங்கத்தின் குழு எதுவும் அம்மாநிலத்தில் இல்லாமையால், ஏனைய ஊர்களில் பலவாறு சிதறிப்போகும் பக்தி இங்கு இரண்டே வாய்க்கால்களில் கரை புரண்டு ஓடுகிறது. டஸ்கலூசாவின் பிரையன்ட்-டென்னி அரங்கில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் அமரலாம்.

இனி ரசிகர் வகை. பிறப்பால் ரசிகர், மணத்தால் ரசிகர், கல்லூரியில் பயின்று ரசிகர் என அவர் மூவகைப்படுவர்.

கல்லூரியில் பயின்று ரசிகரானோரைப் பற்றிச் சொல்லத்தக்கது ஒன்றுமில்லை; அவர்களுக்குக் காரணம் இருக்கிறது.

மணத்தால் ரசிகரானோர் ஐயத்துக்கு உரியவர். பின்னர்க் காண்போம்.

பிறப்பால் ரசிகராவோரே நம் விஷயம். நம் புலவர் பிள்ளைக்குக் காப்பு முதலாகப் பத்துப் பருவம் வகுத்தனர். அலபாமாப் பிள்ளைக்கு அத்தனை ஆடம்பரம் தேவையில்லை. காப்புப் பருவத்தில் செந்நிறச் சட்டை அணிவிக்கிறார்கள். சப்பாணிப் பருவத்தில், கை கொட்டக் கற்பிப்பதற்குப் பதிலாக, டச்டவுனுக்கு நடுவர் காட்டும் சைகையாகிய இரு கையையும் தலைக்கு மேல் தூக்குதலைக் கற்பிக்கிறார்கள். மூன்றாவது, வழக்காடு பருவம். அது பள்ளியில் சேர்ந்த அன்று தொடங்கி மயானத்தில் முடிவது. பள்ளியில் புதுப் பிள்ளையிடம் பெயருக்கு அடுத்தபடி கேட்கப்படும் கேள்வி அலபாமாவா ஆபர்னா என்பதே. இரண்டுமில்லை என்று விடையிறுத்த குழந்தை வேறு மாநிலத்திலிருந்து நேற்று வந்ததாக இருக்கும். அல்லது வாயில் மிட்டாய் இருந்திருக்கும்.

வழக்காடு பருவத்துக்கு வேண்டிய கல்வி வீட்டிலேயே கிடைக்கிறது. அதன் முதற் பாடம் கால ஆராய்ச்சி. அயர்ன் பௌல் என்று வழங்கும் இவ்விரு குழுவினரின் ஆட்டம் முதன்முதல் பர்மிங்காம் நகரில் 1893 பிப்ரவரி 22இல் நடந்தது. ஆபர்ன் 32, அலபாமா 22. நாளும் ஊரும் எண்ணும் இருசாரார்க்கும் உடன்பாடு. ஆயினும் அவ்வாட்டம் 1892ஆம் பருவத்தின் இறுதி என்று அலபாமாவும், 1893ஆம் பருவத்தின் தொடக்கம் என்று ஆபர்னும் தத்தம் ஏடுகளில் எழுதிவைத்துக்கொண்டன. ஒரே சூரியன், ஒரே பிற்பகல், ஒரே தோல்வி. ஆண்டு மட்டும் இரண்டு. சங்க நூல்களின் காலத்தை நிர்ணயிக்கப் புகுந்து ஒருவர்க்கொருவர் பல நூறு ஆண்டு வேறுபட்டு நிற்கும் நம் ஆராய்ச்சியாளர்கள் இதைக் கேட்டால், கையில் நாள்காட்டி இருந்தும் வேறுபட முடிகிறதே என்று பொறாமை கொள்வார்கள்.

இரண்டாம் பாடம் பிணக்கு. 1907இல் ஆட்டம் 6-6 எனச் சமனாயிற்று. அடுத்த ஆண்டுக்குரிய பேச்சில், ஆட்டக்காரர்க்குத் தினப்படி எவ்வளவு, எத்தனை பேருக்கு, நடுவரை எங்கிருந்து வருவிப்பது என்னும் தத்துவப் பிரச்சினைகள் எழுந்து, அற்பமான சில டாலர்களின் பொருட்டு இரு கல்லூரிகளும் 41 ஆண்டுகள் ஒன்றோடொன்று ஆடாமலே இருந்தன. இடையில் இரண்டு உலக யுத்தங்கள் தொடங்கி முடிந்தன. தினப்படி விவகாரம் முடியவில்லை. கடைசியில் மாநிலச் சட்டமன்றமே தலையிட்டுத் தீர்மானம் போட வேண்டியதாயிற்று. 1948 டிசம்பரில் ஆட்டம் நடந்த அன்று காலை, இரு மாணவர் மன்றத் தலைவர்களும் பர்மிங்காம் பூங்கா ஒன்றில் குழி தோண்டி, பகை ஒழிந்தது என்பதற்கு அடையாளமாக மெய்யான கோடரி ஒன்றைப் புதைத்தனர். அன்று பிற்பகல் அலபாமா 55, ஆபர்ன் 0. கோடரி ஆழமாகப் புதைக்கப்படவில்லை என்று ஆபர்ன் உரைகாரர் கருதுவர்.

மூன்றாம் பாடமாகிய பட்டக் கணக்கு, மூலபாட ஆராய்ச்சியில் ஈடுபட்ட எவரும் கைகூப்பித் தொழத்தக்கது. நெடுங்காலம் வரை கல்லூரிப் பந்தாட்டத்தில் தேசியப் பட்டத்தை ஆடுகளம் தீர்மானிக்கவில்லை. பத்திரிகைக்காரர்களின் வாக்கும், பயிற்சியாளர்களின் வாக்கும், கணித சூத்திரங்களோடு வீட்டில் அமர்ந்திருந்த கனவான்களின் தரவரிசையும் தீர்மானித்தன. இதனால் 1964இல் அலபாமாவுக்குப் பட்டம் முதலில் வந்தது, தோல்வி பின்னால் வந்தது. 1973இலும் ஒரு செய்தி நிறுவனத்தின் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே நோட்டர் டேம் குழுவிடம் 24-23 என்று தோற்றார்கள். 1966இல் எதிர்மாறு: ஆடிய பதினோர் ஆட்டங்களிலும் வென்ற அலபாமாவை மூன்றாம் இடத்தில் நிறுத்தி, தமக்குள் 10-10 எனச் சமன் செய்துகொண்ட நோட்டர் டேமுக்கும் மிச்சிகன் ஸ்டேட்டுக்கும் முதலிரு இடங்களை அளித்தார்கள். அந்த அநீதியைச் சொல்லிக் கண் கலங்கும் ஒன்பது வயதுச் சிறுவர்களின் தகப்பனார்கள் பலர் 1966இல் பிறந்திருக்கவேயில்லை. கர்மபலன் ஜன்மம் விட்டு ஜன்மம் தொடரும் என்பார்க்கு இதனினும் நல்ல பிரமாணம் கிடைப்பது அரிது.

பேர் பிரையன்ட் என்னும் பயிற்சியாளர் காலத்தில் (1958 முதல் 1982 முடிய) பெற்ற ஆறு பட்டங்களையே அலபாமா முன்னெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தது. 1980களில் பல்கலைக்கழகத்துச் செய்திப் பகுதியினர் பழைய ஏடுகளைத் துருவி, 1925, 1926, 1930, 1934, 1941 என்னும் ஐந்து பட்டங்களைப் புதிதாகக் கண்டெடுத்தார்கள். முதல் நான்கைப் பற்றி யாரும் பெரிதாகச் சண்டையிடவில்லை. 1941தான் மகத்தானது. அவ்வாண்டில் அலபாமா இரண்டு ஆட்டங்களில் தோற்றது. தன் வட்டாரச் சங்கத்திலேயே முதலிடம் பெறவில்லை. பத்திரிகையாளர் தரவரிசையில் இருபதாவது நின்றது. ஆயினும் ஹௌல்கேட் என்பவரின் சூத்திரம் ஒன்று அதனையே முதல்வனாகக் காட்டிற்று. பத்தொன்பது சாட்சிகள் ஒருபுறம் நிற்க, இருபதாவது சாட்சியைக் கொண்டு தீர்ப்பெழுதும் இந்நெறி நமக்குப் புதிதன்று. ஓலைச்சுவடிகள் அனைத்தும் ஒரு பாடம் கூற, ஒரு மூலையில் செல்லரித்த ஒற்றைச் சுவடியில் தமக்கு வேண்டிய பாடத்தைக் கண்டு, ஏனையவை எல்லாம் ஏடெழுதுவோர் பிழை என்று தள்ளிய பதிப்பாசிரியர்களை நாம் மணிவிழா எடுத்துக் கௌரவித்திருக்கிறோம். ஆறும் ஐந்தும் பதினொன்று, 1992ஆம் ஆண்டினது ஒன்று, நிக் சேபன் பயிற்சியாளராக இருந்த காலத்துப் பட்டம் ஆறு, ஆகப் பதினெட்டு. எட்டு வயதுப் பாலகன் இதனைத் தூக்கத்திலும் ஒப்பிப்பான். 1941ஐப் பற்றிக் கேட்டால் மட்டும் திடீரென்று பசி எடுக்கும்.

பிரையன்ட் பற்றித் தனி இயல் எழுதுவதாக இருந்தோம். கட்டம் போட்ட தொப்பி அணிந்திருந்தார்; கூரையிட்ட அரங்கில் ஆடும்போது, வீட்டுக்குள் தொப்பி கூடாது என்று தாயார் சொல்லியிருப்பதாகக் கூறி அதைக் கழற்றிவைப்பார்; தம் கடைசி ஆட்டத்தை வென்று ஒரு மாதம் கழியுமுன் 1983 ஜனவரி 26இல் காலமானார். இதற்குமேல் எழுதினால் புராணமாகிவிடும்.

இனி இக்கட்டுரையின் உயிர்நிலையாகிய இருக்கை இயலுக்கு வருகிறோம். வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் ஆட்டம் காணும் ரசிகன் அமர்ந்துள்ள இடத்துக்கும், நூறு மைலுக்கு அப்பால் மைதானத்தில் பந்து போகும் திசைக்கும் காரண காரியத் தொடர்பு உண்டா என்பது வினா. ஆராய்ச்சி வசதிக்காகப் பர்மிங்காமின் புறநகரில் ஒரு குடும்பத்தைக் கற்பித்துக்கொள்வோம். கற்பித்த குடும்பத்தை ஆதாரமாகக் கொள்ளலாமா என்று ஆட்சேபிப்போர், தாம் மேற்கோள் காட்டும் நூல்களுள் எத்தனை கண்ணால் கண்டவை என்பதை முதலில் கூறட்டும். அக்குடும்பத்தில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன். சோபாவிலிருந்து உருண்டு விழுந்த அவித்த வேர்க்கடலை ஒன்றை எடுக்கத் தரையில் குனிந்தான். அத்தருணத்தில் அலபாமா டச்டவுன் எடுத்தது. அன்று முதல் அவன் இடம் தரை. பிரத்யட்சம் இவ்வளவே. எஞ்சியது முழுதும் உரை.

இருக்கைவாதத்தின் மூலபுருஷர் தாத்தா. நன்மை நிகழ்ந்த கணத்தில் எவர் எங்கே எந்நிலையில் இருந்தாரோ அவர் அங்கே அந்நிலையில் நீடிக்கக் கடவர் என்பது அவருடைய சூத்திரம் (தாத்தா, சாய்வு நாற்காலி, இரண்டாம் கால்பகுதி). இச்சூத்திரத்துக்கு விருத்தியுரை கண்ட பெரிய மாமா, நீடித்தல் என்பது உடலுக்கே ஒழிய உள்ளுறுப்புக்களுக்கு அன்று ஆதலால், இயற்கை உபாதை நேர்ந்தவர் இடத்தில் தலையணை ஒன்றைப் பிரதிநிதியாக வைத்துப் போய் வரலாம் என்று விலக்கு அளித்தார் (பெரிய மாமா, அடுக்களை வாயில், மூன்றாம் கால்பகுதி, நான்காம் விளம்பர இடைவேளை; குளிர்சாதனப் பெட்டியின் கதவு திறந்திருந்தது). அத்தை இதனை மறுத்து, பலன் தருவது இருக்கையன்று, துவைக்காத சட்டையே என்னும் ஆடைவாதத்தை நிலைநாட்டினார். செப்டம்பரில் அணிந்த சட்டையைத் தோல்வி நேரும் வரை நீரில் இடலாகாது. தோற்றால் துவைக்கலாம். தோற்றதனால் துவைத்ததா, அன்றித் துவைத்ததனால் தோற்றதா என்னும் உட்பூசலில் அத்தையின் பிள்ளைகளே இரு கிளையாகப் பிரிந்தனர் (அத்தை, முன்தாழ்வாரம், நான்காம் கால்பகுதி, இரண்டு நிமிடம் மீதி, காற்று வடக்கிலிருந்து வீசியது, அயல்வீட்டு நாய் குரைத்தமையால் மூன்று சொற்கள் சிதைந்தன, சிதைந்தவற்றைப் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பி, நிரப்பியது தாமே என்பதை நாளடைவில் மறந்து, பின்னொரு நூலில் அச்சொற்களையே அத்தையின் தொன்மைக்குச் சான்றாகக் காட்டியுள்ளார்). வெற்றி உறுதியாகும் முன் வென்றோம் என்று வாய்விடலாகாது என்னும் மௌனவாதம் எல்லாக் கிளைக்கும் பொது.

சிறுவனுடைய தாயார் நிலை தனி. அவர் அறையை விட்டு நீங்கினால் அலபாமா புள்ளி எடுக்கிறது, திரும்பினால் பந்தைப் பறிகொடுக்கிறது என்பது பல பருவங்களாக நிரூபணமானபடியால், இக்கட்டான கட்டங்களில் குடும்பமே ஒருமுகமாகக் கெஞ்சி அவரைத் தாழ்வாரத்துக்கு அனுப்பிவிடும். அவரும் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். குழுவின் மாபெரும் வெற்றிகளில் பாதிக்கு அவரே காரணம் என்று தாத்தாவே ஒப்புக்கொள்கிறார். அவற்றுள் ஒன்றையும் அவர் பார்த்ததில்லை. அவர் கண்ணாரக் கண்டவை தோல்விகள் மட்டுமே. அந்த வீட்டில் ரோஜாச் செடிகள் செழித்திருக்கின்றன.

இவ்வாதங்களுக்கெல்லாம் பூர்வபக்ஷம் கூறியவர் மணத்தால் ரசிகரான மருமகன், வடமாநிலத்தவர், புள்ளியியலில் பட்டம் பெற்றவர். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததைக் கொண்டு காக்கைக்குப் பனம்பழத்தின்மேல் ஆதிக்கம் கற்பிக்கலாமா என்னும் நம் தார்க்கிகர்களின் காகதாலீய நியாயத்தையே அவர் வரைபடங்களோடு எடுத்துரைத்தார். அலபாமா வீடுகளில் எல்லாரும் அசையாது அமர்ந்திருக்க, ஆபர்ன் வீடுகளிலும் எல்லாரும் அவ்வாறே அமர்ந்திருந்தால் பந்து எவர் பேச்சைக் கேட்கும் என்றும் வினவினார். வினா கூரியதே. அதற்குத் தாத்தா தரப்பின் சித்தாந்தம்: எவர் வீட்டில் ஒருவர் முதலில் எழுந்திருக்கிறாரோ அவர் பக்கம் தோற்கும்.

இச்சித்தாந்தத்தின் உரைகல் 2013 நவம்பர் 30. ஆபர்ன் நகர அரங்கில் ஆட்டம் 28-28. முந்திய இரு பருவங்களிலும் பட்டம் வென்ற அலபாமா அன்று நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. கடிகாரம் சூனியத்தைக் காட்டிற்று. ஒரு வினாடி எஞ்சியிருக்கிறது என்று சேபன் வாதிட, நடுவர்கள் படச்சுருளைத் திருப்பிப் பார்த்து அந்த ஒரு வினாடியைக் கடிகாரத்தில் மீண்டும் ஏற்றினார்கள். அலபாமா 57 கஜத்திலிருந்து ஃபீல்ட் கோலுக்கு உதைத்தது. பந்து எட்டவில்லை. கம்பத்தடியில் காத்திருந்த ஆபர்ன் வீரர் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்து மைதானத்தின் மறுகோடி வரை ஓடி டச்டவுன் எடுத்தார். ஆபர்ன் 34, அலபாமா 28. ஓடிய தூரம் 109 கஜம் என்பது உலக வழக்கு. எல்லைக் கோட்டுக்குப் பின்னுள்ளதை எண்ணாது 100 என்பது ஏட்டு வழக்கு. அந்த ஒன்பது கஜத்தைப் பற்றி இரு தொகுதி எழுதுவதற்கு இடமிருக்கிறது.

நமக்கு வேண்டியது வினாடி. சூனியம் காட்டிய கணத்தில் ஆட்டக் காலம் முடிந்ததாகக் கருதி வீட்டார் அனைவரும் இருக்கை நியமத்தினின்று விடுபட்டனர், அது குற்றமன்று, கூடுதல் ஆட்டத்துக்குமுன் காலை நீட்டிக்கொள்ளச் சூத்திரம் இடந்தருகிறது. ஆனால் வினாடி மீட்கப்பட்டபோது நியமமும் மீண்டதா? மீண்டதெனின், அவரவர் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டனரா? தாத்தா நாற்காலியை விட்டு எழவேயில்லை என்று தாத்தா கூறுகிறார். அத்தையின் சட்டை அத்தையின்மேல் இருந்தது. தாயார் தாழ்வாரத்தில் இருந்தார். இருட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பெரிய மாமாவுக்குப் பதிலாகத் தலையணை இருந்தது. தலையணை சரியான பக்கம் திரும்பியிருந்ததா என்பதில் பாடபேதம். சிறுவன் தரையில்தான் இருந்தான், ஆயினும் பழைய சதுரக் கல்லின்மேல் அல்லாமல் அடுத்த கல்லின்மேல் என்று சிலர். அவ்வறையில் கல்லே பாவவில்லை, மரப்பலகைதான், ஆகவே இப்பகுதி இடைச்செருகல் என்று வேறு சிலர். மருமகன் மட்டும், 57 கஜத்திலிருந்து உதைத்து வெல்வதற்குரிய நிகழ்தகவைத் தாளில் கணக்கிட எண்ணி, பேனா எடுக்க எழுந்தார். இதில் பேதமே இல்லை; எல்லாச் சுவடிகளும் உடன்படுகின்றன. அவருடைய கணக்குச் சரியாகவே இருந்தது என்பதை எவரும் பொருட்படுத்தவில்லை. அதுமுதல் அயர்ன் பௌல் நாளில் அவரை ரோஜாத் தோட்டத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். மாமியாருக்குத் துணை.

கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் தறுவாயில் ஒரு செய்தி கிடைத்தது. அச்சிறுவன் வளர்ந்து ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்று வருகிறானாம். பக்தி மட்டும் மாறவில்லையாம். விடுதியறையில் செந்நிறச் சட்டையோடு தரையில் உட்கார்ந்துதான் ஆட்டம் பார்க்கிறானாம். நாம் மேலே வகுத்த மூவகையுள் எதிலும் அவன் அடங்காமையால், ஆராய்ச்சியின் தூய்மையைக் கருதி, அவனைத் தரவுகளிலிருந்து நீக்கிவிட்டோம்.